கடை ஊழியர்களிடம் பணியிடக் கொடுமையை வினாத்தாள் கொண்டு அளப்பது எப்படி?

கேள்வி
எழுதியவர்: பொருநைக்கரை மாணவி, பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். நான் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருநெல்வேலி டவுனிலும் வண்ணாரப்பேட்டையிலும் உள்ள பெரிய ஜவுளிக்கடைகளில் விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள், மேலே இருப்பவர்களாலோ உடன் வேலை பார்ப்பவர்களாலோ தொடர்ந்து அவமதிக்கப்படுகிறார்களா, ஓரங்கட்டப்படுகிறார்களா என்பதை வினாத்தாள் கொண்டு அளப்பதுதான் என் ஆய்வேட்டின் பொருள்.

இதற்காக, நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் ஸ்டோலே ஐனார்சன் குழுவினர் உருவாக்கிய ‘நெகட்டிவ் ஆக்ட்ஸ் க்வெஸ்ஷனேர்’ என்னும் வினாத்தாளின் திருத்திய வடிவத்தை எடுத்துக்கொண்டேன். ‘கொடுமை’ என்ற சொல்லே வராமல் 22 செயல்களை மட்டும் அது வரிசையாகக் கேட்கும். வேலைக்குத் தேவையான தகவலை மறைத்தார்களா, சத்தம் போட்டார்களா, உரிமையுள்ள விடுப்பைக் கேட்க விடாமல் நெருக்கினார்களா, வேலையை விட்டுப் போய்விடலாம் என்று சாடை காட்டினார்களா என்பது போன்றவை அவை. கடந்த 6 மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு நடந்தது என்பதற்கு ஐந்து கட்டங்கள் உண்டு. ‘ஒருபோதும் இல்லை, அவ்வப்போது, மாதந்தோறும், வாரந்தோறும், தினமும்’ என்று அவற்றை மொழிபெயர்த்திருக்கிறேன். 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால் ஒருவருக்கு 22-இலிருந்து 110 வரை வரும். இறுதியில், பணியிடக் கொடுமை என்றால் என்ன என்று ஒரு விளக்கம் கொடுத்து, நீங்கள் அதற்கு ஆளானீர்களா என்று நேரடியாக ஒரு கேள்வியும் கேட்கிறேன்.

தெரிந்தவர்கள் மூலம் 12 பேரிடம் முன்னோட்டம் பார்த்தபோதுதான் குழம்பிப்போனேன். நேரடிக் கேள்விக்கு 12 பேரும் ‘இல்லை’ என்றார்கள். அவர்களிலேயே 7 பேர், பட்டியலில் ஏதாவது ஒரு செயலாவது வாரந்தோறுமோ தினமுமோ நடப்பதாகக் குறித்திருக்கிறார்கள். ஒரு பெண், தினமும் ஏச்சு வாங்குவதாகக் குறித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் ‘எனக்கு அப்படி எதுவும் இல்லை’ என்று எழுதி அதற்குக் கீழே கோடும் போட்டிருந்தார். இதில் எதை நம்புவது? ‘கொடுமை’ என்ற சொல் சரிதானா, அல்லது ‘துன்புறுத்தல்’ என்று மாற்ற வேண்டுமா? மேலும், 33 மதிப்பெண்ணுக்கு மேல் என்றால் எப்போதாவது பாதிக்கப்படுபவர், 45-க்கு மேல் என்றால் பாதிக்கப்பட்டவர் என்று பிரித்துவிட்டால் போதும் என்று என் நெறியாளர் சொல்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1
எழுதியவர்: பழைய புள்ளியியல் வாத்தியார், சமாதானபுரம்

அம்மா, உங்கள் 12 பேரில் யாரும் பொய் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் இரண்டு வேறு பொருள்களை அளந்திருக்கிறீர்கள். செயல்பட்டியல், ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறது. நேரடிக் கேள்வியோ, நேர்ந்ததற்கு அவர் என்ன பெயர் வைக்கிறார் என்று கேட்கிறது. பெயர் வைப்பது எளிதான காரியம் இல்லை. தன்னைப் பாதிக்கப்பட்டவர் என்று ஒருவர் எழுதிக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவருக்குள்ளேயே பெரிய வழக்கு ஒன்று நடந்து முடிந்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளி நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. நீல்சன், மத்தீசன், ஐனார்சன் ஆகியோர் 2010-இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். விளக்கம் கொடுத்து நேரடியாகக் கேட்ட ஆய்வுகளில் சராசரியாக 11.3 விழுக்காட்டினரும், செயல்பட்டியல் மூலம் கேட்டவற்றில் 14.8 விழுக்காட்டினரும், விளக்கம் எதுவும் கொடுக்காமல் நேரடியாகக் கேட்டவற்றில் 18.1 விழுக்காட்டினரும் பாதிக்கப்பட்டவர்களாகத் தெரிந்தார்கள். கேட்கும் முறை மாறினாலே எண்ணிக்கை இவ்வளவு மாறுகிறது. ஆகவே உங்கள் ஆய்வேட்டில் ‘இத்தனை விழுக்காடு’ என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும், எந்த முறையில் கேட்டு வந்த விழுக்காடு என்பதையும் கூடவே எழுதுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் விழுந்துபோனவர்கள் யார் என்று பார்த்தால் அதுவே ஒரு நல்ல அத்தியாயம் ஆகும்.

இப்போது எல்லை மதிப்பெண்ணுக்கு வருகிறேன். 33, 45 என்ற எண்கள் நோட்டலர்ஸும் ஐனார்சனும் நார்வேத் தொழிலாளர்களிடம் திரட்டிய தரவிலிருந்து கணக்கிட்டு 2013-இல் வெளியிட்டவை. அந்தக் கணக்கில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே செய்த சட்டையை இங்கே அளவு பார்க்காமல் மாட்டக் கூடாது. ஒரு தாளை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு 20 செயல்கள் ஒருபோதும் நடக்கவில்லை, ஆனால் இரண்டு செயல்கள் மட்டும் தினமும் நடக்கின்றன, அதாவது தினமும் ஏச்சு, தினமும் ஒதுக்கிவைத்தல் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கூட்டுத்தொகை 20 கூட்டல் 10, ஆக 30. அவர் 33-ஐயே எட்டவில்லை. இன்னொருவருக்கு 22 செயல்களும் எப்போதோ ஒருமுறை நடந்திருக்கின்றன. அவருக்கு 44 வந்துவிடும். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் முதல் பெண் நலமாக இருக்கிறார், இரண்டாமவருக்குத்தான் பிரச்சினை.

ஸ்வீடனில் ஹெய்ன்ஸ் லேமன் இத்துறையைத் தொடங்கிவைத்தபோது வேறு அளவுகோலைத்தான் பயன்படுத்தினார். அவருடைய பட்டியலில் 45 செயல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றாவது ஒருவருக்கு வாரத்துக்கு ஒருமுறையேனும், குறைந்தது 6 மாதம் நடந்திருந்தால் அந்த நபர் பாதிக்கப்பட்டவர். வாரம் இரண்டு செயல்கள் என்று பிற்பாடு இதைக் கடுமையாக்கியவர்களும் உண்டு. லேமன் கணக்குப்படி முதல் பெண் உள்ளே வந்துவிடுவார், இரண்டாமவர் வெளியே போய்விடுவார். உங்கள் தரவில் இரண்டு கணக்கையும் போட்டு, ஒரே நபர் எதில் வருகிறார், எதில் நழுவுகிறார் என்று அட்டவணையாகக் காட்டுங்கள். உங்கள் நெறியாளரும் மறுக்க மாட்டார்.

மொழிபெயர்ப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை முதலில் அடையுங்கள். இரண்டாவது கட்டத்துக்கு ‘அவ்வப்போது’ என்று போட்டிருக்கிறீர்கள். மூலத்தில் அது மாதத்துக்கு ஒருமுறைக்கும் குறைவு என்ற பொருளில் நிற்கிறது. நம் ஆட்களிடம் ‘அப்பப்ப ஏசுவாரு’ என்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று அர்த்தம். ஏணியின் இரண்டாம் படி நான்காம் படிக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு 1, 2, 3 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவதற்கு எந்தப் பொருளும் இல்லை. ‘எப்போதாவது ஒருமுறை’ என்று மாற்றிவிட்டு, பழைய 12 பேரின் தாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தமிழாக்கத்தை மூலம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி ஒப்பிடுவது வழக்கம்தான் என்றாலும், இந்த ஓட்டையை அந்த முறை காட்டிக்கொடுத்திருக்காது. நாலு பேரை உட்காரவைத்து, இந்தச் சொல்லுக்கு நீங்கள் எத்தனை நாள் என்று நினைத்தீர்கள் என்று வாயால் கேட்டால்தான் தெரியும்.

அதேபோல் ‘கடந்த 6 மாதம்’ என்பது யாருக்கும் மனத்தில் நிற்காது. நீங்கள் தை மாதத்தில் கேட்பதாக இருந்தால், ‘நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்திலிருந்து இன்றுவரை’ என்று சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் ஆகிய மூன்று கூட்டக் காலங்களும் அதற்குள் அடங்கிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். ஆனியில் கேட்டிருந்தால் வேறு விடை வரலாம்.

பதில் 2
எழுதியவர்: ஒன்பது வருடச் சேலை செக்‌ஷன்

தங்கச்சி, நீங்கள் குறிப்பிட்ட அந்தக் கோடு போட்ட பெண்ணை எனக்குப் புரிகிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் ஒன்பது வருடம் சேலைப் பிரிவில் நின்றிருக்கிறேன். தங்கைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஐப்பசி மாதத்தில், அதாவது தீபாவளி நெருங்கும்போது, இரண்டு நாள் லீவு கேட்டேன். கொடுத்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து என்னை வாடிக்கையாளர் பக்கம் விடவில்லை. மற்றவர்கள் எடுத்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்குவதுதான் என் வேலை என்று ஆனது. மடிப்பவருக்கு விற்பனைக் கணக்கு ஏறாது, கணக்கு ஏறாவிட்டால் கமிஷன் கிடையாது. சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தை மாற்றியிருந்தார்கள், அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் தூக்குச்சட்டியோடு போனபோது எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மாசி வரை இப்படியே போனது. ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

அப்போது யாராவது என்னிடம் ‘நீங்கள் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறீர்களா’ என்று கேட்டிருந்தால், இல்லை, அண்ணாச்சிக்கு என் மேல் கோபம் என்றுதான் சொல்லியிருப்பேன். எங்கள் தளப் பொறுப்பாளரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணாச்சி ஏசினால் அது கண்டிப்பு, பேசாமல் இருந்தால் அது கோபம். கொடுமை என்ற சொல் வரதட்சணை வழக்கில் வருவது, மண்ணெண்ணெய் நாற்றம் அடிப்பது. துன்புறுத்தல் என்று மாற்றினாலும் வேலைக்கு ஆகாது. அந்தச் சொல்லைப் பார்த்ததும், யாராவது கையைப் பிடித்தார்களா என்று கேட்பதாகத்தான் பெண்கள் நினைப்பார்கள். உடனே தலையைக் குனிந்து ‘ஒருபோதும் இல்லை’ போட்டுவிடுவார்கள். ‘மேலதிகாரி’ என்று எழுதியிருந்தால் அது எங்களுக்கு முதலாளியைத்தான் குறிக்கும். அவரை நாங்கள் மாதத்தில் ஒரு நாள் பார்த்தாலே அதிகம்.

சொல்லைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கடையிலும் ஒருமுறை ஏதோ வினாத்தாள் கொடுத்தார்கள். இரவு பத்து மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கீழே குடோனில் வரிசையாக உட்காரவைத்தார்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னார்கள். ஆனால் தாளைப் பிரிவுவாரியாக அடுக்கி வாங்கினார்கள், வாங்கியவர் பேக்கிங் பகுதிப் பொறுப்பாளர். எனக்கு முன்னால் இருந்த பெண் தாளை நாலாக மடித்துக் கொடுத்தாள். ‘என்னத்த மடிச்சு வச்சிருக்க?’ என்று சிரித்துக்கொண்டேதான் அவர் பிரித்துப் பார்த்தார். நான் முதல் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக டிக் அடித்துக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். எனக்குப் பின்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

எனவே நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, கடைக்குள்ளேயே வைத்துக் கேட்பதாக இருந்தால் உங்கள் 22 கேள்விக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும். வார லீவு அன்று வீட்டில் வைத்துக் கேளுங்கள். கடை விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளை விடுதியில் கேட்காதீர்கள், அங்கே வார்டன் இருப்பார். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது கேளுங்கள். இன்னும் ஒன்று, எங்களோடு இருந்தவர்களில் ரொம்பப் பட்டவர்கள் யாரும் இப்போது கடையில் இல்லை. ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள். உங்கள் பட்டியல் கடையின் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்தது என்றால் அவள் அதில் இருக்க மாட்டாள்.

மாணவியின் குறிப்பு

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. வேலையை விட்டவர்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இன்னொரு சந்தேகம். 12 பேரும் கேட்காமலே சொன்ன குறை, நாள் முழுக்க உட்கார விடுவதில்லை, கழிவறைக்குப் போனால் நேரம் பார்க்கிறார்கள் என்பதுதான். இது ஒருவரை மட்டும் குறிவைத்துச் செய்வது இல்லை, எல்லோருக்கும் பொதுவானது. இதைப் பணியிடக் கொடுமைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா?

பதில் 3
எழுதியவர்: மனிதவளத்தான், கங்கைகொண்டான்

சகோதரிக்கு வணக்கம். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், ஆகவே இங்கே எல்லோரும் சந்தேகப்படும் தரப்பு நான்தான். சேலைப் பிரிவு அக்கா சொன்ன குடோன் காட்சியை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்திலும் வினாத்தாளை அந்தந்த ஷிப்ட் சூப்பர்வைசரிடமே கொடுத்து வாங்கிவரச் சொல்லும் வழக்கம் இருந்தது, அதை நிறுத்தவே இரண்டு வருடம் ஆனது.

உட்கார விடாமல் இருப்பது பற்றிக் கேட்டீர்கள். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பிரேமிளா டி குருஸும் எர்னஸ்டோ நொரோன்யாவும் கால் சென்டர் ஊழியர்களிடம் நடத்திய ஆய்வில் இப்படிப்பட்ட நிலைமையைத்தான் தனியாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட ஆளைக் குறிவைக்காமல், நிறுவனம் தன் இலக்குக்காக எல்லோரையும் ஒரேபோல நெருக்குவது என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அதையும் நீங்கள் அளக்க வேண்டும், ஆனால் 22 கேள்விகளுக்குள் நுழைக்காதீர்கள். நுழைத்தால் பிற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமல் போகும். கடைசியில் தனிப் பகுதியாக வைத்துத் தனியாகக் கூட்டுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஆகவே ‘உங்கள் பிரிவில் ஸ்டூல் இருக்கிறதா, வாடிக்கையாளர் இல்லாதபோது அதில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்’ என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். ஸ்டூல் போட்டிருக்கும், ஆனால் அதன் மேல் சேலைக்கட்டு இருக்கும்.

சொல்லைப் பற்றி அக்கா சொன்னது சட்டப்படியும் சரி. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் புகார்களுக்குக் குழு அமைக்க வேண்டும் என்பதால், ‘பணியிடத் துன்புறுத்தல்’ என்ற சொல் அறிவிப்புப் பலகையில் அந்தப் பொருளிலேயே நிலைத்துவிட்டது. பாலியல் சாராத பொதுவான கொடுமைக்கு என்று தனிச் சட்டம் இங்கே இல்லை, அதனால் மக்களிடம் அதற்கு ஒரு சொல்லும் புழங்கவில்லை. தலைப்பில் ‘வேலை இடத்தில் உங்களை நடத்தும் விதம்’ என்று மட்டும் போட்டுவிட்டு, நேரடிக் கேள்வியில் ‘திரும்பத் திரும்ப மட்டம் தட்டுவது, ஒதுக்கிவைப்பது, எதிர்த்துச் சொல்ல முடியாத நிலையில் நீங்கள் இருப்பது’ என்று விரித்து எழுதுவது நல்லது என்பது என் கருத்து. கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். சம பலம் உள்ள இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்வதையும், ஒருநாள் சூப்பர்வைசர் கோபப்பட்டதையும் இந்த ஆய்வுகள் கொடுமையாகக் கொள்வதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கையோ, 2019-இல், ஒரே ஒருமுறை நடந்தாலும் துன்புறுத்தலாகலாம் என்று வரையறுத்தது. அதை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. நீங்கள் எந்த வரையறையில் நிற்கிறீர்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நான் உண்மையில் எழுத வந்தது வினாத்தாளின் முதல் பக்கத்தைப் பற்றி. வயது, பாலினம், பிரிவு, எத்தனை வருட வேலை, சொந்த ஊர் என்று வழக்கம்போல் கேட்டிருப்பீர்கள். 4 பேர் உள்ள பட்டுப் பிரிவில் 40 வயதுப் பெண் ஒருவர்தான் இருப்பார். பெயர் எழுதாவிட்டாலும் அவர் யார் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். வயதை 10 வருட இடைவெளியாகக் கேளுங்கள், 10 பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் முடிவையும் தனியாக அச்சிடாதீர்கள். சொந்த ஊர் கேள்வியை அடியோடு எடுத்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் ஊரைச் சொன்னால் பாதி தெரிந்துவிடும், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டால் மீதியும் தெரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ‘பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போவீங்க?’ என்று ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்பார். பதிலைப் பொறுத்து, அடுத்த நாளிலிருந்து தண்ணீர் பாட்டிலைப் பகிர்வதா வேண்டாமா என்று முடிவாகும். இதை அந்த நார்வேப் பட்டியலில் எந்த எண்ணின் கீழ் குறிப்பீர்கள்? ‘தனிப்பட்ட வாழ்க்கை பற்றி இழிவாகப் பேசுவது’ என்று ஒன்று இருக்கிறது, ஆனால் இங்கே யாரும் இழிவாக எதுவும் பேசவில்லையே. உங்கள் தனிப் பகுதியில் இதற்கும் ஒரு கேள்வி வேண்டும், அதை நீங்களே எழுதுவதைவிட அக்காவைப் போன்றவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

மாணவியின் குறிப்பு

ஐயா, அக்கா, மனிதவளத் துறை சார், மூவருக்கும் நன்றி. முன்னோட்டத் தாள்கள் 12-ஐயும் ஒதுக்கிவைத்துவிட்டேன். இரண்டாவது கட்டம் இப்போது ‘எப்போதாவது ஒருமுறை’. சொந்த ஊர் கேள்வியை எடுத்தாகிவிட்டது. 22-க்குப் பிறகு இருக்கை, கழிவறை நேரம், கோயில் கேள்வி ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி வைத்திருக்கிறேன். கடந்த 2 வருடத்துக்குள் கடை வேலையை விட்டவர்களிடமும் கேட்கலாம் என்று நெறியாளர் ஒத்துக்கொண்டார். ஆனால் அவர்களை எந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தாய் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள் என்றும் எச்சரித்தார். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

அக்கா, பீடி சுற்றுவதாக நீங்கள் சொன்ன அந்தத் தோழியைச் சந்திக்க முடியுமா? வினாத்தாள் இல்லாமல்தான் வருவேன்.

பதில் 4
எழுதியவர்: ஒன்பது வருடச் சேலை செக்‌ஷன்

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சனிக்கிழமை அவளுக்குக் கணக்கு முடிக்கும் நாள். கேட்டுப் பார்த்தேன், பேசுகிறேன் என்றாள். இலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் பீடியை முழுக் கணக்குக்குக் கேட்பது உங்கள் 22-இல் வருமா என்று அவளும் உங்களிடம் ஒரு கேள்வி வைத்திருக்கிறாள்.